பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புவியியல் ஏன் வெறும் மனப்பாடமாகத் தெரிகிறது?

பத்தாம் வகுப்புப் படிக்கும் தம் மகளைப் பற்றி ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்குக் கணக்கும் அறிவியலும் விருப்பம். சமூக அறிவியலில் வரலாறுகூடக் கதைபோல் ஓடிவிடுகிறது. புவியியல் வந்தால் மட்டும் "வெறும் மனப்பாடம்" என்று புத்தகத்தை மூடிவிடுகிறாளாம். எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் நினைக்கிறார்களா, குறை பாடத்திலா பிள்ளையிலா, பதினொன்றாம் வகுப்பில் புவியியல் உள்ள பிரிவை எடுக்கலாமா என்று மூன்று கேள்விகளாக எழுதியிருக்கிறார். அவற்றுக்கு அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: எதற்கும் காரணம் கேட்டுப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு, காரணங்களாலேயே ஆன ஒரு பாடம் ஏன் பெயர்ப் பட்டியலாகத் தெரிகிறது? அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பதினொன்றாம் வகுப்புக்கு வருகிறேன்.

புவியியலில் முதுகலை படித்துவிட்டு 26 ஆண்டுகள் உடுமலை, பொள்ளாச்சி வட்டார அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்தவன் நான். ஆகவே நான் சொல்பவை தமிழ்வழியில், மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த, பெரும்பாலும் விவசாய, விசைத்தறிக் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகளைப் பற்றியவை. சென்னையில் ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைக்கு இவற்றில் சில பொருந்தாமல் போகலாம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். புவியியல் ஆசிரியரே எதிரில் நின்று "புவியியல் பிடிக்குமா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லை என்று சொல்லாது. அதனால் ஜூன் மாதம் வகுப்பு தொடங்கும் முதல் நாளில், பெயர் எழுதாத துண்டுத்தாளில் "புவியியல் என்றதும் நினைவுக்கு வரும் மூன்று சொற்கள்" எழுதித் தரச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். மேப், ஆறு, மண், மலை, அட்லஸ், இவற்றோடு தவறாமல் மனப்பாடம் என்ற சொல்லும் வரும். கிணறு, காற்றாலை, வாய்க்கால், சந்தை என்று தம்மைச் சுற்றியிருக்கும் எதையும் எழுதிய தாள் என் கைக்கு அநேகமாக வந்ததே இல்லை.

அந்தத் துண்டுத்தாள்களிலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குப் பிடிக்காதது புவியியலின் பொருள்கள் அல்ல. எரிமலை, நிலநடுக்கம், புயல், கடலடி என்றால் ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். அவை பாடமாக வந்து சேரும் வடிவம்தான் கசக்கிறது. மனப்பாடம் என்று அவர்கள் சொல்லும்போது, படிக்க நிறைய இருக்கிறது என்பதைவிட, படித்தவை ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பதையே சொல்கிறார்கள். அறிவியலிலும் மனப்பாடம் குறைவில்லை. தனிம வரிசை அட்டவணையைவிடப் பெரிய மனப்பாடம் உண்டா? ஆனால் அங்கே ஒன்றைத் தெரிந்துகொண்டால் இன்னொன்று பிடிபடுகிறது. புவியியலில் கரிசல் மண் எங்கே இருக்கிறது என்று படித்தால், செம்மண் எங்கே இருக்கிறது என்பதைத் தனியாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது என்று அவர்கள் எண்ணுகிறார்கள்.

அப்படி எண்ணுவதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் பாடத்திட்டத்தின் அடுக்கைப் பாருங்கள். நிலக்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம், உயிர்க்கோளம் என்று இயற்கை எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் ஒன்பதாம் வகுப்பில் முடிந்துவிடுகிறது. இந்தியா, தமிழ்நாடு என்று இடங்கள் பத்தாம் வகுப்பில் வருகின்றன. காற்று மலையில் மோதி மேலேறினால் குளிர்ந்து மழையாகும் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்த பிள்ளைக்கு, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டின் மழையளவைப் படிக்கும்போது பழைய பாடம் நினைவில் இருப்பதில்லை. அதை நினைவூட்ட ஆசிரியருக்கு நேரமும் இருப்பதில்லை. போதாக்குறைக்கு வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் ஒரே 100 மதிப்பெண் தாளுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஒரு பள்ளியில் சமூக அறிவியலுக்கு ஒரே ஆசிரியர் இருந்தால், அவர் பெரும்பாலும் வரலாறு படித்தவராக இருப்பார். அவர் பொறுப்பில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. கிருஷ்ணதேவராயரைப் பற்றிப் பத்துக் கதை சொல்லத் தெரிந்தவருக்குப் பருவக்காற்றைப் பற்றி ஒரு கதையும் தெரியாமல் இருப்பது இயல்பு. அந்த வேறுபாடு பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. நானும் விஜயநகரப் பேரரசை எவ்வளவு வறட்சியாக நடத்தினேன் என்று என் பழைய மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு நாள் நடந்ததைச் சொன்னால் நான் சொல்ல வருவது விளங்கும். எங்கள் பகுதி பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தை நம்பியிருக்கும் பகுதி. மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் சேர வேண்டிய ஆறுகளின் நீரை ஆனைமலையில் மறித்துக் கிழக்கே திருப்பிக் கொண்டுவருகிறது அத்திட்டம். சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து திருமூர்த்தி அணைக்கு மலைச்சரிவு நெடுக சுமார் 49 கிலோமீட்டர் வளைந்து வளைந்து வரும் ஒரு கால்வாய் உண்டு; ஊரில் எல்லோரும் அதைக் 'காண்டூர் கால்வாய்' என்பார்கள். காண்டூர் கால்வாயில் உடைப்பு, காண்டூர் கால்வாயில் பராமரிப்பு என்று பிள்ளைகள் நாள்தோறும் கேட்கும் சொல் அது. பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்துத் தண்ணீர் விடப்படுகிறது என்பதும், இப்போது எந்த மண்டலத்துக்குத் தண்ணீர் என்பதும் ஏழாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும். பாடநூலில் இதே திட்டம் தமிழ்நாடும் கேரளமும் இணைந்த பல்நோக்குத் திட்டம் என்று சில வரிகளில் வருகிறது. அந்த வரிகளைத் தம் வயலுக்கு வரும் தண்ணீரோடு சேர்க்காமலேயே அதே பையன் உருப்போடுகிறான்.

நிலவரைபடப் பாடத்தில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடு பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது, "காண்டூர் கால்வாய் என்கிறோமே, காண்டூர் என்றால் என்ன?" என்று கேட்டேன். "அது ஒரு ஊருங்க சார், மலை மேல இருக்குது" என்றான் ஒருவன். வகுப்பு முழுவதும் ஆமோதித்தது. ஆத்தூர், கரூர், திருப்பூர் வரிசையில் காண்டூரும் ஓர் ஊராகத்தானே இருக்க வேண்டும்? காண்டூர் என்பது சம உயரக் கோட்டின் ஆங்கிலப் பெயர், மலையில் ஏறக்குறைய ஒரே உயரத்தைத் தொடர்ந்து வெட்டிக்கொண்டு வந்ததால் கால்வாய்க்கு அந்தப் பெயர், அதனால்தான் அது நேராக வராமல் மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் புகுந்து வெளியே வருகிறது என்று சொன்னதும், சில நொடிகள் வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: "ஒரே சமமா இருந்தா தண்ணி எப்படிங்க சார் நகரும்?"

என் பணிக்காலத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த கேள்விகளில் அது ஒன்று. சரியான சம உயரக் கோட்டில் வெட்டினால் தண்ணீர் தேங்கி நிற்கும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவு கொடுத்தாக வேண்டும். அதிகம் கொடுத்தால் அணைக்கு வந்து சேரும்போது உயரம் போதாமல் போய், நீர் பாயக்கூடிய நிலப்பரப்பு சுருங்கிவிடும். இதை விளக்க நான் திணறியபோது, கொத்தனார் மகன் ஒருவன் டியூப் மட்டத்தைப் பற்றிச் சொன்னான். கடைக்கால் போடும்போது இரு முனைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் பிடிப்பார்களே, அதுதான். மறுநாள் அவனே குழாயைக் கொண்டுவந்தான். பள்ளி மைதானம் ஒரு பக்கம் சரிந்தது. கொடிக்கம்பத்தடியில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, அதே மட்டம் வரும் இடங்களில் எல்லாம் சுண்ணாம்புப் பொடியால் புள்ளி வைத்துச் சேர்த்தார்கள். பிறகு அரை அடி கீழே இன்னொரு கோடு. மூன்றாவது கோடு முடிந்தபோது, சரிவு அதிகமாக இருந்த இடத்தில் கோடுகள் நெருங்கியும், தட்டையான இடத்தில் விலகியும் இருந்ததை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது உண்மையில் பாதியாகிவிடும். அந்த வகுப்பின் புவியியல் மதிப்பெண்கள் அதனால் கூடிவிடவில்லை. தேர்வில் 'சம உயரக் கோடு – வரையறு' என்று கேட்டபோது, மைதானத்தில் துள்ளியவர்களும் பாடநூல் வரியையே எழுதினார்கள்; எழுதத் தவறியவர்கள் தவறினார்கள். களத்துக்கு அழைத்துப் போனால் மதிப்பெண் உயரும் என்று யாராவது உங்களுக்கு உறுதி கொடுத்தால் அதை நான் நம்பமாட்டேன். பாடத்தின் மீது பிள்ளையின் எண்ணம் மாறுகிறது என்பது என் அனுபவத்தில் உறுதி. அந்த மாற்றம் விடைத்தாளில் தெரிய வேண்டுமானால் வினாவும் மாற வேண்டும். 'காரணம் கூறுக' என்ற வினாவுக்குக்கூட நம் பிள்ளைகள் காரணத்தை மனப்பாடம் செய்துதான் எழுதுகிறார்கள். வட இந்திய ஆறுகள் ஏன் வற்றாதவை என்பதற்கு ஆண்டுதோறும் ஒரே காரணம் ஒரே சொற்களில் வந்துகொண்டிருக்கும்.

பிள்ளைகள் பெரும்பாலும் வெறுக்காத பகுதி வரைபடம். அதற்குக் காரணம் ஆர்வம் என்று நினைத்து நான் பல ஆண்டுகள் ஏமாந்திருக்கிறேன். எழுத்துப் பிழைக்கும் வாக்கியப் பிழைக்கும் மதிப்பெண் போகாது, புள்ளி சரியாக விழுந்தால் போதும் என்பதுதான் காரணம். கடையில் அவுட்லைன் மேப் வாங்கி, அதன் விளிம்பின் வளைவுகளை அடையாளம் வைத்துக்கொண்டு சோட்டா நாக்பூர் பீடபூமியைக் கண்ணை மூடிக்கொண்டு குறிக்கும் ஒருவனிடம், "வடக்கு எங்கே, கையால் காட்டு" என்றால் கரும்பலகையின் மேல்விளிம்பைக் காட்டுவான். சிலர் கூரையையே காட்டுவார்கள். சுவரில் மாட்டிய வரைபடத்தில் வடக்கு மேலே இருப்பதால் வடக்கு என்பதே மேலே ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரித்து, அதன் வடக்கை உண்மையான வடக்குக்குத் திருப்பி வைத்து நடத்த ஆரம்பித்தேன். கைபேசி வரைபடம் வந்து பிள்ளைகளின் திசையறிவைக் கெடுத்துவிட்டது என்று ஆசிரியர் அறையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கைபேசி பிள்ளைகளின் கைக்கு வருமுன் என்னிடம் படித்தவர்களும் கூரையைத்தான் காட்டினார்கள். எனவே அந்தப் பழி கைபேசிக்குச் சேருமா என்பது எனக்கு ஐயமே.

உங்கள் மகளுக்குக் கணக்கு பிடிக்கும் என்று எழுதியிருப்பதால் ஒன்று சொல்கிறேன். இந்தியா கிழக்குத் தீர்க்கம் 68°7' முதல் 97°25' வரை பரவியுள்ளது என்பதை அவர் இந்நேரம் உருப்போட்டிருப்பார். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று வைத்துக்கொண்டு, அருணாசலப் பிரதேசத்தின் கிழக்கு ஓரத்துக்கும் குஜராத்தின் மேற்கு ஓரத்துக்கும் சூரிய நேரத்தில் எவ்வளவு வேறுபாடு என்று கேட்டுப்பாருங்கள். 29°18' என்று கழித்து, 1 மணி 57 நிமிடத்தை ஒட்டி விடை சொல்வார். பிறகு சென்னைக்கும் கோவைக்கும் கேளுங்கள். தீர்க்கரேகைகளை அட்லஸில் அவரே பார்க்கட்டும். அரசு விலையில்லாமல் கொடுக்கும் அட்லஸ் பல வீடுகளில் அட்டை கசங்காமல் கிடக்கிறது. அதற்கும் ஒரு வேலை கிடைக்கும். விடை ஏறத்தாழ 13 நிமிடம் வரும். இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டுகிறதே, அப்படியானால் எந்த ஊரின் சூரியனுக்கு அந்தக் கடிகாரம் ஒத்துப்போகிறது என்று அவர் கேட்டால், இந்திய நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகை 82°30' என்று மனப்பாடம் செய்த எண்ணுக்கு அன்றைக்குத்தான் பொருள் கிடைக்கும்.

பிள்ளைகளிடம் புவியியல் கேள்விகள் இல்லாமல் இல்லை. அவை வேறு பாட வேளைகளில் பிறக்கின்றன, அங்கே யாரும் அவற்றைப் புவியியல் என்று அடையாளம் காண்பதில்லை. பத்தாம் வகுப்புத் தமிழில் அகப்பொருள் இலக்கணம் படித்துவிட்டு வந்த ஒரு மாணவன், "தமிழய்யா ஆவணி, புரட்டாசி கார்காலம்னு சொல்றாரு, நீங்க ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம்னு சொல்றீங்க, எதுங்க சார் சரி?" என்றான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது என்பது பாடநூல் சொல்வது. தமிழிலக்கணத்தில் அந்த மாதங்கள் குளிர்காலம். ஆனால் அந்தப் பாதி எல்லா மாவட்டத்துக்கும் பொதுவானதன்று. கடற்கரை அதையே நம்பியிருக்கிறது. சேலம், தருமபுரி போன்ற உள்மாவட்டங்களில் ஆவணி, புரட்டாசி மாலைகளில் இடியோடு பெய்யும் மழை கணிசமானது. வால்பாறையில் ஆனி, ஆடியிலேயே கொட்டித் தீர்த்துவிடும். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு அந்த மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வரும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, காற்றாலை சுழலும். ஆக, மழைக்காலம் எது என்பது நீ எங்கே நிற்கிறாய் என்பதைப் பொறுத்தது என்று அவனுக்குச் சொன்னேன். பாட்டில் வரும் கார்காலம் எந்த நிலத்தில் நின்று பார்த்தது என்பதைத் தமிழய்யாவிடமே திருப்பிக் கேட்கச் சொன்னேன். அவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

பிள்ளையின் எண்ணத்தை உருவாக்கும் இன்னொன்று, வகுப்புக்கு வெளியே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவர் அறிவியல் பிரிவுக்குப் போகிறார். அங்கே புவியியல் இல்லை. புவியியல் இருக்கும் பிரிவு வரலாறு, பொருளியல் போன்றவற்றோடு கலைப்பிரிவாகக் கருதப்படுகிறது. அதுவும் எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும் கிடையாது. 'கெட்டிக்காரப் பிள்ளைகள் இதைப் படிக்கமாட்டார்கள்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். பிறகு நடப்பதுதான் வேடிக்கை. பொறியியல் முடித்த இளைஞர்கள் 24 வயதில் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்காக அதே ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூல்களைத் தேடிப்பிடித்து வாங்கிப் படிக்கிறார்கள். குடிமைப் பணித் தேர்வில் புவியியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்களும் உண்டு. இதைக் காட்டிப் பிள்ளைகளை ஈர்க்க நானும் முயன்றிருக்கிறேன். பதினைந்து வயதுக்கு அது எட்டாத தூரம், பலன் ஒன்றும் இல்லை.

கணக்கோடு புவியியலுக்கு இருக்கும் உறவைச் சொன்னபோதுதான் சிலர் காது கொடுத்தார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் வருகிறது அல்லவா? 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக வடக்கே கொண்டுபோன அளவீட்டின் தொடர்ச்சியில்தான் பின்னாளில் எவரெஸ்டின் உயரம் கணக்கிடப்பட்டது. கிண்டிப் பொறியியல் கல்லூரியே 1794-இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான். இன்று அதே கல்லூரியில் புவித் தகவலியல் (ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ்) ஒரு பொறியியல் பட்டப்படிப்பு. அதற்குப் போக விரும்பும் பிள்ளை பதினொன்றில் எடுக்க வேண்டியது கணக்கும் இயற்பியலும் உள்ள பிரிவைத்தான் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

ஆகவே பதினொன்றாம் வகுப்பைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில் இது. மகளுக்குக் கணக்கும் அறிவியலும் உண்மையிலேயே விருப்பமானால், புவியியலுக்காக அவற்றை விடச் சொல்லமாட்டேன். புவியியலுக்கு அந்த வழியாகவும் வந்து சேரலாம். கலைப்பிரிவில் சேரும் எண்ணம் ஏற்கெனவே இருந்தால், புவியியல் உள்ள பிரிவைத் தயங்காமல் பார்க்கலாம். மேல்நிலையில் அதற்குச் செய்முறைத் தேர்வு உண்டு, அங்கேதான் பாடம் தன் உண்மையான முகத்தைக் காட்டும். ஆனால் சேர்ப்பதற்கு முன் பள்ளிக்கு ஒருமுறை போய், புவியியலுக்கென்று முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால், இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்ற வரைபடங்களைக் காட்டச் சொல்லுங்கள். 1:50,000 அளவையில், 20 மீட்டர் இடைவெளியில் பழுப்புநிறச் சம உயரக் கோடுகளோடு இருக்கும் தாள்கள் அவை. ஓரங்கள் நைந்து, மடிப்பில் கிழிந்து, பென்சில் கோடுகளோடு அவை இருந்தால் பிள்ளையைச் சேர்க்கலாம். வாங்கிய அன்றிருந்த மடிப்புக் கலையாமல் பீரோவிலிருந்து வெளியே வந்தால், வேறு பள்ளி பாருங்கள்.